செத்த மாவு கல்லெறியாது!

டெலிபோன் அலறியது.

அவள் எடுக்கவில்லை.

கப்புக்குள் மாவின் கெட்டித்தன்மையை அளக்கும் தண்டு சுழன்று கொண்டிருந்தது. இன்னும் இருபது விநாடி. நடுவில் விட்டால் வேறு கப் எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடவை கலக்கிய மாவு அதே மாவு இல்லை. கலக்கக் கலக்க அது முறுக்கிக்கொள்ளும். கெட்டியாகும்.

மறுபடியும் அலறியது!

"எடும்மா! யாரோ உயிர் போற மாதிரி அடிக்கிறாங்க. நம்பரை நான் குறிச்சுக்கறேன்."

சொன்னவர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். இந்த லேபின் தலைவர். முப்பது வருடமாக வெடிமருந்தோடு குடித்தனம் நடத்துகிறவர். குரலை உயர்த்த மாட்டார். குப்பையைக்கூடச் சரியான தொட்டியில்தான் போடுவார்.

இன்று அவருடைய வெள்ளைக் கோட்டில் மடிப்புக் கோடுகள்கூடக் கலையவில்லை. புத்தம் புதுசு.

அவள் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ... லேப்."

"நான்தான்டி..."

அண்ணி! மூச்சு வாங்கியது. பின்னால் குழந்தை அழுதது.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு?"

"உங்கண்ணனைப் போலீஸ் பிடிச்சுட்டாங்க! கொலையாம்... மீசைக்காரரை இவர் கொன்னுட்டாராம்!"

அவள் கையிலிருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது.

"மீசை... செத்துட்டாரா?"

"தலையில கல்லு. காலையில பதினோரு மணி வெடியில பறந்து வந்த கல்லாம். ஆளை ஒதுங்கச் சொல்லாம உங்கண்ணன் வேணும்னே வெடிப் பட்டனை அமுக்கிட்டாராம். நேத்து ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு வந்துச்சு இல்ல... அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அஞ்சு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். உள்ள போனா எப்ப வெளிய வருவாரோ! நீ ஏதாவது பண்ணு..."

"அழாதீங்க அண்ணி. அஞ்சு மணிதானே? இப்ப ரெண்டரை."

"அதுக்குள்ள என்னடி பண்ணுவ?"

"ஒட்டிக்குவேன்."

போனை வைத்தாள்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பிசின். ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடை வரும்வரை ஒட்டிக்கொண்டே இருப்பாள் என்பதால் வந்த பெயர். வைத்தவர் மீசைக்காரர்தான்.

அவர் பம்ப் லாரி ஓட்டுகிறவர். தொழிற்சாலையில் தயாராகும் எமல்ஷன் வெடிமருந்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், கல்குவாரியில் துளைத்திருக்கும் குழிகளுக்குள் ரப்பர்க் குழாய் வழியாக இறக்குவார். பார்ப்பதற்கு அது வெண்ணெய் மாதிரி இருக்கும். எண்ணெய்க்குள் சிறைப்பட்ட கோடிக்கணக்கான உப்புநீர்த் துளிகள். ஊழியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மாவு.

மாவை லாரி இறக்கும். பட்டனை அண்ணன் அமுக்குவான். மலை விழும். இதுதான் தினசரி.

இன்று விழுந்தது மீசை!

"என்னம்மா, முகமே சரியில்லையே?" டாக்டர் கேட்டார்.

அவள் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"அடப் பாவமே... நல்ல மனுஷன். நீ வீட்டுக்குப் போம்மா. அண்ணிக்குத் துணையா இரு."

"வீட்டுக்கா? இல்ல சார். காலையில மீசை போன் பண்ணினாரே, ஞாபகம் இருக்கா? உங்ககிட்ட வந்து சொன்னேனே?"

"என்ன சொன்ன?"

"'பிசினு, இன்னிக்கு மாவு விரல்ல நறநறங்குது. குழாய் முனையில ஒரு கப் எடுத்து வெச்சிருக்கேன், உன் கையிலதான் தருவேன்'னார். நறநறன்னா உப்பு மணி மணியாப் பிரியுதுன்னு அர்த்தம். அது செத்த மாவு சார்! வெடிக்காது. வெடிச்சாலும் முனகும்."

"விடியக்காலைத் தொட்டிதானே அது? நானே டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். வழவழன்னு இருந்துச்சு. லாரிக்காரங்களுக்கு எது பட்டாலும் நறநறதான்."

அப்போது இன்டர்காம் கரகரத்தது.

"அந்தப் பிசினை என் ரூமுக்கு வரச் சொல்லு!"

மேனேஜர்!

* * *

மேனேஜர் அறையில் ஏ.சி. இருந்தது. ஆனாலும் மேனேஜர் வியர்த்துக் கொண்டிருந்தார். முன்னால் காகிதக் குவியல். ஒவ்வொன்றாக எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிக் கொண்டிருந்தார். ஒன்றையும் படிக்கவில்லை. படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"இந்தா, வெள்ளைத்தாள். ராஜினாமான்னு எழுதி நீட்டு."

"எதுக்கு சார்?"

"கொலைகாரன் தங்கச்சி வெடிமருந்து ஃபாக்டரியில வேலை பாக்கலாமா? பேப்பர்காரன் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"எங்கண்ணன் கொலைகாரன்னு கோர்ட்டு சொல்லிடுச்சா?"

"அஞ்சு மணிக்குச் சொல்லும்."

"அப்ப அஞ்சு மணிக்கு எழுதறேன்."

"ஏய்! என்ன வாய் நீளுது?"

"வாய் அதே நீளம்தான் சார். இன்னிக்குத்தான் உங்களுக்குக் கேக்குது."

அவள் வெள்ளைத்தாளை எடுத்தாள். நான்காக மடித்தாள். ஆடிக் கொண்டிருந்த மேஜையின் ஒரு காலுக்கடியில் செருகினாள்.

மேஜை ஆடுவது நின்றது!

மேனேஜர் வாயைத் திறந்தார். வார்த்தை வருமுன் கதவு திறந்தது.

உள்ளே வந்தது போலீஸ்.

முன்னால் இன்ஸ்பெக்டர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கன்னத்தில் ஒரு கிராம்பு. பல்வலி போலிருக்கிறது. பின்னால் தொந்தி முந்திக்கொண்டு வரும் ஏட்டு. இருவருக்கும் நடுவில்...

அண்ணன்! கையில் விலங்கு. சட்டையெல்லாம் கல்தூசி. ஆனால் தலை மட்டும் குனியவில்லை.

"அண்ணா!"

"அழுதேன்னா உதைப்பேன்."

"யாரு அழுதா? உன் மூஞ்சியில தூசி. அதைப் பாத்துக் கண்ணு கரிக்குது."

"பாசமலர்களா, கொஞ்சம் பொறுங்க." இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மேனேஜர் சார், இவன் ஒரு கதை சொல்றான். உங்க மருந்து வெடிக்கவே இல்லையாம். கல்லு பறக்கவே இல்லையாம். நிஜமா?"

"பச்சைப் பொய்!"

"எது பொய்?" அண்ணன் சீறினான். "பதினெட்டு குழி மேடம். பட்டனை அமுக்கினேன். எட்டு குழி முனகுச்சு. வயிறு சரியில்லாத எருமை மாதிரி ஒரு சத்தம். மீதிப் பத்து குழி தூங்கிடுச்சு. ஒரு கல்லு இடத்தை விட்டு எந்திரிச்சிருந்தா என் மீசையை எடுத்துடறேன்!"

"உனக்குத்தான் மீசையே இல்லையே?"

"அதனாலதான் மேடம் தைரியமாச் சொல்றேன்."

ஏட்டு சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

"சைரன் ஊதினியா?"

"மூணு தடவை. குவாரியில இருந்த அத்தனை பேரையும் ஷெல்டருக்குள்ள தள்ளிட்டுத்தான் பட்டன் பக்கம் போனேன். லாரி மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு, எனக்குத் தெரியலை. மீசை எப்பவோ கிளம்பிட்டார்னு குவாரிக் காவல்காரன் சொன்னான். அவன் பேச்சை நம்பினது என் தப்பு. அதுக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. கொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க!"

மேனேஜர் இழுப்பறையைத் திறந்தார். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்து மேஜையில் வைத்தார். மூடியின் மேல் லேபிள், அரக்கு, கையெழுத்து.

"மேடம், குழியில மாவு இறக்கும்போது குழாய் முனையில ஒரு கப் பிடிச்சு எங்களுக்கு அனுப்புவாங்க. இது இன்னிக்குக் கப். டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மாவு நல்ல மாவு. நல்ல மாவுன்னா கல்லு பறக்கும். கல்லு பறந்தா, ஆளை ஒதுக்காமப் பட்டன் அமுக்கினவன்தான் பொறுப்பு. கம்பெனி இல்ல!"

பிசின் கப்பைப் பார்த்தாள்.

மீசை 'உன் கையிலதான் தருவேன்' என்று சொன்ன கப். இது எப்படி மேனேஜர் இழுப்பறைக்கு நடந்து வந்தது?

"இதை யார் கொண்டு வந்தா சார்?"

"யாரோ. சாப்பிட்டு வந்தேன், மேஜை மேல இருந்துச்சு. கையெழுத்துப் போட்டு சீல் வெச்சேன்."

"படிச்சீங்களா?"

"லேபிளை எதுக்குப் படிக்கணும்?"

"மேடம்!" அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "இது லாரியிலிருந்து வந்த கப் இல்ல. லேபுக்கு வாங்க. காட்டறேன்."

"கைதியோட தங்கச்சி டெஸ்ட் பண்ணினா எவன் நம்புவான்?" மேனேஜர் குதித்தார்.

இன்ஸ்பெக்டர் கிராம்பை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார்.

"நியாயம்தான். வேற யார் பண்ணுவா?"

"எங்க டாக்டர். அவர் சொன்னா அரசாங்கமே நம்பும்."

"அப்ப அவரே பண்ணட்டும். நீ தள்ளி நின்னு பாரும்மா. எதையும் தொடக்கூடாது."

"தொட மாட்டேன் மேடம். பாத்தாலே போதும்."

* * *

லேபின் சுவரில் ஒரு பலகை. டாக்டரின் முத்து முத்தான கையெழுத்து.

'குமிழியை நீக்காமல் தண்டை இறக்காதே!'

மாவுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் கெட்டித்தன்மையின் அளவு பொய் சொல்லும். அதனால் எந்தக் கப் வந்தாலும் முதலில் குமிழியை எடுத்து, மேற்பரப்பைக் கரண்டியால் வழித்துச் சமனாக்கி, அப்புறம்தான் தண்டு. டாக்டர் இந்தச் சடங்கை ஒரு நாளும் விட்டதில்லை. பத்து நிமிடம் ஆகும். மற்றவர்களுக்குக் கொட்டாவி வரும். அவருக்கு வராது.

இன்ஸ்பெக்டரே அரக்கை உடைத்தார். மூடியைத் திறந்தார்.

உள்ளே வழவழவென்று மாவு. கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"டாக்டர் சார், ஆரம்பிங்க. எனக்கு அஞ்சு மணிக்குக் கோர்ட்டு, ஆறு மணிக்குப் பல் டாக்டர். ரெண்டுல எது பயங்கரம்னு தெரியல."

டாக்டர் மென்மையாகச் சிரித்தார். கப்பைக் கருவிக்கு அடியில் வைத்தார். தண்டை இறக்கினார்.

சுழன்றது.

பிசின் கருவியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கணக்கு எளிமையானது. தொட்டியில் இருக்கும் மாவு இளகலாக இருக்கும். லாரியின் பம்ப் அதைப் பிசைந்து குழாய் வழியாகத் தள்ளும்போது துளிகள் உடைந்து பொடிப்பொடியாகும். மாவு கெட்டியாகும். இந்தக் கப்பை யாராவது தொட்டியிலிருந்து மொண்டு வைத்திருந்தால்... அளவு இளகலாக வரும். பொய் உடையும். அண்ணன் வீட்டுக்கு வருவான்!

தண்டு நின்றது.

திரையில் எண் மின்னியது.



கெட்டி! பம்பில் அடிபட்ட மாவின் அளவேதான்!

"என்ன சொல்லுது உங்க மெஷின்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

டாக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு மேடம். இது பம்ப் வழியா வந்த மாவுதான். தரமும் முதல் தரம். மன்னிச்சுக்கோம்மா... நம்பர் பொய் சொல்லாது."

"கேட்டியா?" மேனேஜர் கை தட்டினார். "நம்பர் பொய் சொல்லாதாம்!"

"ஏட்டய்யா, வண்டியை எடுங்க." இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். முதல் முறையாக அவன் குரல் இறங்கியது.

"விடுடா. நீ பண்ணினதே போதும். அண்ணியைப் பாத்துக்கோ. குட்டிக்கு நான் வேலைக்கு வெளியூர் போயிருக்கேன்னு சொல்லு."

"நீயே வந்து சொல்லு."

"பிசினு..."

"நில்லுண்ணா! யோசிக்க விடு!"

நம்பர் பொய் சொல்லாது... அப்படியென்றால் வேறு எது பொய் சொல்கிறது?

கப்பைப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

சுவரில் அந்தப் பலகை.

அவள் அதை இன்னொரு தடவை படித்தாள்!

"மேடம்... ஒரே ஒரு நிமிஷம். கப்பை நான் தொடலை. நீங்களே ஒரு கரண்டியை எடுத்து மாவை நடுவுல வெட்டுங்க."

"கேக்கா இது?"

"வெட்டுங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் வெட்டினார். பிளந்த இடம் பளபளவென்று இருந்தது.

"உள்ள ஓட்டை ஓட்டையா ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்ல. தேன் மாதிரி இருக்கு."

"இருக்கணும் மேடம்! குழாயில மாவு போகும்போது லாரி அதுல ஒரு மருந்தைக் கலக்கும். குழிக்குள்ள போனதும் குமிழி குமிழியாப் பொங்கும். அந்தக் குமிழிதான் மாவுக்கு உசிரு. அது இல்லாட்டி இந்த மாவு வெறும் பசை. நிஜமா குழாய் முனையில பிடிச்ச கப்பா இருந்தா மூடியை முட்டிக்கிட்டு மேல எழும்பியிருக்கும். இது ரொட்டி மாதிரி இருக்கணும். தேன் மாதிரி இருக்கு!"

மேனேஜர் முழித்தார். "அப்ப... கெட்டியா இருக்கே?"

"லேப் மிக்ஸர்ல போட்டு அடிச்சாலும் கெட்டியாகும் சார்."

டாக்டர் தலையை ஆட்டிச் சிரித்தார். ஒரு தகப்பனின் சிரிப்பு.

"பதட்டத்துல மறந்துட்டியேம்மா. குமிழியை நீக்கிட்டுத்தான் நாம டெஸ்ட் பண்ணுவோம். லேப் ரூல். பலகையிலயே இருக்கு பாரு. குமிழி இல்லைன்னா அதுக்குக் காரணம் நான்தான்."

"ஆமா சார்." அவள் குரல் மிக மெதுவாக வந்தது. "நீங்கதான் காரணம். எப்ப எடுத்தீங்க?"

"என்ன?"

"குமிழியை. எப்ப எடுத்தீங்க? மேடம் இப்பத்தான் சீலை உடைச்சாங்க. நீங்க கப்பை வாங்கினீங்க. நேரா தண்டை இறக்கினீங்க. அஞ்சு பேர் பாத்தோம்."

அவள் சுவரிலிருந்த பலகையைக் காட்டினாள்.

"முப்பது வருஷமா நீங்க ஒரு நாள்கூட விடாத பத்து நிமிஷம் சார். இன்னிக்கு மட்டும் ஏன் விட்டீங்க?"

டாக்டர் பலகையைப் பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா? உங்க கைக்குத் தெரியும், அது ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு. மத்தியானம் நாங்க சாப்பிடப் போனப்ப இதே ரூம்ல நல்ல தொட்டி மாவை மிக்ஸர்ல அடிச்சீங்க. கெட்டியாச்சு. காத்தும் புகுந்துச்சு. உடனே குமிழியை எடுத்து வழிச்சு, சமன் பண்ணி... பொய்க் கப்பைக்கூட ரூல்படி தயார் பண்ணினீங்க! வேற எவனாவது பண்ணியிருந்தா குமிழியோட அப்படியே விட்டிருப்பான். நான் தோத்திருப்பேன்!"

"டாக்டரா?" மேனேஜர் நாற்காலியைத் தேடினார். "நம்ம டாக்டரா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. கப்பை மாத்தினேன். ஒத்துக்கறேன். விடியக்காலைத் தொட்டியில இருந்தது என்னோட புது செய்முறை. அஞ்சு வருஷ உழைப்பு. அடுத்த மாசம் அறிவிக்கறதா இருந்தோம். அது கெட்டுப்போச்சுன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு மாத்தினேன். தப்புதான். ஆனா மேடம், அது வெறும் கப். கொலை இல்ல. ஆளைக் கொன்னது பறந்து வந்த கல்லு."

"எந்தக் கல்லு சார்?" பிசின் கேட்டாள்.

அவளே தொடர்ந்தாள்.

"இப்ப நீங்களே சொன்னீங்க, மாவு கெட்டுப்போச்சுன்னு. செத்த மாவு கல்லெறியாது சார். முனகும். எங்கண்ணன் காலையிலிருந்து அதைத்தான் கத்திக்கிட்டு இருக்கான். கல்லு பறக்கலைன்னா, மீசை தலையில அது எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா? யாரோ தூக்கிக்கிட்டு வந்தாங்க!"

"யாரு வேணா..."

"யாரு வேணா முடியாது. மூணு சைரன் ஊதியாச்சு. மொத்தக் குவாரியும் ஷெல்டருக்குள்ள. வெடி வைக்கற நேரத்துல திறந்த வெளியில நிக்க எவனுக்கு தைரியம் வரும்? கல்லு பறக்காதுன்னு தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் வரும். என்னை விட்டா இந்த உலகத்துல அது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் மீசை. அதனாலதான் அவர் லாரியை விட்டு நகரலை. இன்னொருத்தர்..."

அவள் குரல் உடைந்தது. ஒரு கணம்தான்.

"இன்னொருத்தர் நீங்க. ஏன்னா காலையில உங்ககிட்ட வந்து சொன்னது நான். 'மீசை ஒரு கப் எடுத்து வெச்சிருக்காராம் சார்'னு வந்து ஒப்பிச்சது நான்! 'சரிம்மா, நான் பாத்துக்கறேன்'னீங்க. பாத்துட்டீங்க."

"இது எல்லாம் கற்பனை." டாக்டரின் குரல் இப்போதும் உயரவில்லை. "பத்து மணியிலிருந்து பன்னெண்டு வரைக்கும் நான் உள் ரூம்ல கதவைப் பூட்டிக்கிட்டுக் கருவியைச் சரிபார்த்துக்கிட்டு இருந்தேன். நான் குவாரிக்குப் போனதை யாரும் பாக்கல. சாட்சி எங்க?"

"ஆமாம்மா." இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "நீ பேசறது புரியுது. ஆனா கோர்ட்டுக்குக் கையில பிடிக்கற மாதிரி ஒண்ணு வேணும்."

பிசின் டாக்டரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

புதுக் கோட்டு. மடிப்புக் கலையாத கோட்டு.

"சார், உங்க பழைய கோட்டு எங்க?"

டாக்டர் கையை நெஞ்சுக்குக் கொண்டு போனார். கண்ணாடி கீழே விழுந்தது!

"துவைக்க..."

"இல்ல சார். மாவு எண்ணெய்ப் பிசுக்கு. சட்டையில பட்டாத் துவைச்சாப் போகாது. மாவு பட்ட துணியைச் சாதாரணக் குப்பையில போடக்கூடாது. சிவப்புத் தொட்டியில போட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு எரிக்கணும். அது ரூல். நீங்க எழுதின ரூல். குப்பையைத் தப்பான தொட்டியில போடறவரா நீங்க?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார்.

ஏட்டு தன் தொந்தி அனுமதித்த வேகத்தில் ஓடினார்.

லேபுக்குப் பின்னால் தகர மூடியின் சத்தம் கேட்டது. அப்புறம் ஏட்டின் கூச்சல்!

"மேடம்! இருக்கு மேடம்!"

கொண்டு வந்தார். ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைக் கோட்டு. மார்பில் விரல்கள் பதிந்த ஒரு கைத்தடம். வெண்ணெய் நிறப் பிசுக்கு. கைப்பகுதியில் சிவப்புப் புள்ளிகள்.

மாவு அப்பிய கைத்தடம். பெரிய கை. ஒரு விரல் பாதிதான். மீசைக்காரரின் ஆள்காட்டி விரலைப் பழைய பம்ப் ஒன்று பத்து வருடத்துக்கு முன்பே தின்றுவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும்.

பிசின் குனிந்து பார்த்தாள். வெளிச்சத்தில் அந்தப் பிசுக்குக்குள் மணி மணியாக ஏதோ மின்னியது. இன்ஸ்பெக்டர் தலையசைத்ததும் கையுறை மாட்டிய விரலால் தொட்டாள்.

நறநற.

"மேடம், இதுதான் நிஜ சாம்பிள். இதுல குமிழி இருக்கும். உப்பு மணியும் இருக்கும். தூங்கிக்கிட்டு இருக்கற பத்து குழியிலயும் இதே மாவுதான் இருக்கு. நாளைக்கு நிபுணர்கள் வந்து எடுத்துப் பொருத்திப் பாக்கட்டும்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கெஞ்சினேன். ஒரே ஒரு கப். குடுத்துடுன்னு கெஞ்சினேன். சிரிச்சான். 'இந்தா, வெச்சுக்கோ'ன்னு கப்புக்குள்ள கையை விட்டு அள்ளி... என் நெஞ்சுல அப்பினான். 'இதைத் துவைச்சுக் காட்டு பாக்கலாம்'னான். பக்கத்துல கல்லு கிடந்துச்சு..."



பிசின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு இடம் மட்டும் காலி.

உன் கையிலதான் தருவேன் என்றார். கொண்டுவர அவருக்கு வழியில்லை. அதனால் கொன்றவன் நெஞ்சிலேயே ஏற்றி லேபுக்கு அனுப்பிவிட்டார்.

"பாத்தியாண்ணா," அவள் திரும்பாமலே சொன்னாள். "மனுஷன் சாகும்போதும் பயப்படலை."

"அவரா? நேத்து என்னைத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு." அண்ணன் மூக்கை உறிஞ்சினான். "நாளைக்குத் திருப்பித் திட்டலாம்னு நல்ல வார்த்தையா நாலு யோசிச்சு வெச்சிருந்தேன்..."

"இப்ப யாரு அழறா?"

"தூசிடி!"

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். அண்ணன் கையிலிருந்த விலங்கு கழன்றது. டாக்டர் கையில் பூட்டிக்கொண்டது. மணி நாலு ஐம்பது.

"அண்ணிக்குப் போன் பண்ணு," என்றாள் பிசின். "நீ வெளியூர் போகலைன்னு குட்டிகிட்ட நீயே சொல்லு."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். கைக்குட்டையால் முகம் துடைத்தார். பல் தெரியச் சிரித்தார்.

"பிசின்... அதாவது, மேடம்... லேபுக்கு இப்ப தலைவர் இல்ல. உன்னைவிடத் தகுதியான ஆளு யாரு? அந்த ராஜினாமா விஷயத்தை மனசுல வெச்சுக்காத."

"மனசுல வைக்கலை சார். உங்க மேஜைக் காலுக்கடியில வெச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டும். மீசை எடுத்து வெச்ச கப்புன்னு ஒரு பொய்க் கப்புக்குப் படிக்காமக் கையெழுத்துப் போட்டீங்களே... அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க, அப்புறம் பதவி குடுங்க."

"நான் என்ன பண்ணினேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"அது சரி சார்." இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். "சின்ன ஃபார்மாலிட்டி. இங்க ஒரு கையெழுத்து."

மேனேஜர் பேனாவை எடுத்தார். பழக்க தோஷம். சர்ரென்று போட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் கேட்டார்.

"என்ன மேடம் அது?"

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிராம்பைக் கன்னம் மாற்றினார்.

"போலிக் கப்புக்கு சீல் வெச்சது நான்தான்னு உங்க வாக்குமூலம். வண்டியில ஏறுங்க சார்... டாக்டருக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும். போற வழியில படிக்கறதுக்கு உங்களுக்கு ஒரு காப்பியும் தர்றேன்!"